பந்தைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? ஆட்டிசக் குழந்தைகளின் கவனமும் விளையாட்டும்

கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் மட்டுமல்ல, ஹாக்கியும்தான். இந்தக் கரிசல் ஊரின் மைதானங்களில் பிள்ளைகள் அதிகம் கேட்கும் சொல், "ஏலே, பந்தைப் பாருலே!"

இந்த அதட்டலுக்குப் பின்னால் அறிவியலும் உண்டு. 1998-இல் காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் சிலரை ஏற்றினார்கள். ஒரு சாராரைத் தம் பாதங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். மறு சாராரைப் பாதத்துக்குக் கீழிருந்த சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இதையே காட்டின. உறுப்பின் மேல் கவனத்தை வைத்தால், தானாக நடக்க வேண்டிய அசைவில் மனம் குறுக்கிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். சைக்கிள் மிதிக்கையில் காலையே நினைத்தால் தடுமாறுவோமே, அதுபோல.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் இது பொருந்துமா? 2019-இல் 'ஆட்டிசம்' ஆய்விதழில் வெளியான ஹாங்காங் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அக்குழந்தைகளைச் சிறு துணிப்பைகளை ஓர் இலக்கை நோக்கி எறியச் சொன்னார்கள். பையைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, தம் கையைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்களே நன்றாகக் கற்றனர்.

ஏன் இப்படி? 2009-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த ஓர் ஆய்வு இதற்குத் துப்புத் தருகிறது. புதிய அசைவு ஒன்றைப் பழகும்போது, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கண் காட்டுவதைவிடத் தம் தசையும் மூட்டும் தரும் உணர்வையே அதிகம் நம்பினர். "அங்கே பார்" என்பதைவிட "உன் கையைப் பார்" என்பது அவர்களுக்கு எளிதில் எட்டுவது இதனால் இருக்கலாம்.

ஒரே ஆய்வை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் விதி எழுதிவிட முடியாது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளிடம் 2013-இல் நடந்த ஆய்வில், பையைக் கவனித்தவர்களே மேலாகச் செய்தனர். ஆனால் நம் பள்ளிகளில் நடப்பதென்ன? "சொன்னால் கேட்கமாட்டான், கவனமே இல்லை" என்று சொல்லி, விளையாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளையை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறோம். சொல்லும் வார்த்தையை மாற்றிப் பார்த்தோமா என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம், செலவில்லை. பருத்திக்கொட்டையோ மொச்சையோ நிரப்பிய சிறு துணிப்பைகள் சில, ஒரு பிளாஸ்டிக் வாளி, நாலைந்து அடி தூரம். சில நாட்கள், "எய்யா, கையை எப்படி வீசுறன்னு கவனிய்யா" என்று மட்டும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் முழங்கையைப் பிடித்துச் சேர்ந்து வீசுங்கள். அடுத்த சில நாட்கள் வாளியை மட்டும் காட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வதுதான் குழப்பம். எத்தனை விழுந்தது என்று குறித்து வையுங்கள். மறுநாள் எதுவும் சொல்லாமல் எறியச் சொல்லி எண்ணுங்கள். உண்மையில் கற்றுக்கொண்டது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலிட்டுள்ளது. அரசின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். போகும்போது அந்தக் குறிப்பு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்; எந்த வார்த்தை பலித்தது என்பதைப் பள்ளியின் பி.டி. சாரிடமும் சொல்லி வையுங்கள்.