மூக்கில் விழும் ஜல்லி

போன வாரம் ஒரு காரின் முன் பம்பரிலிருந்து நான்கு வருஷத்துப் பழைய பிலிமை உரித்தேன். ஹீட் கன்னால் இதமாகச் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, பாயைச் சுருட்டுகிற மாதிரி மெதுவாக இழுத்தால் பெரிய துண்டாகவே வந்துவிடும். அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். அம்மைத் தழும்பு மாதிரி எங்கும் குழி. எண்ண ஆரம்பித்து நூற்றுப் பத்தில் விட்டுவிட்டேன். அடியிலிருந்த சிவப்பு பெயிண்டில் ஒரு புள்ளி இல்லை. காருக்குச் சொந்தக்காரத் தம்பி குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தனை அடியையும் இதுவாங்கண்ணா வாங்குச்சு?" என்றார்.

நான் கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம், கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவன். அப்பாவும் பெயிண்டர்தான். கரிவரதன் போன்றவர்கள் இந்த ஊரிலேயே பந்தயக் கார் கட்டி ஓட்டிய காலம் அப்பாவுடையது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். போய்த் திரும்புகிற வண்டிகளின் பைபர் மூக்குக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கிற வேலை அப்பாவுக்கு வரும். சின்னப் பையனான நான் எமரித் தாளும் தண்ணீருமாகப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்ப்பேன். "கல்லு பறந்து வந்து அடிக்கறதில்ல கண்ணு. அது சும்மாதான் கெடக்குது. நாமதான் பறந்து போயி மோதறோம்" என்பார்.

அது கிட்டத்தட்ட முழு உண்மை. முன்னால் போகிற லாரியின் டயர் ஒரு ஜல்லியைக் கிளப்பிவிடும். அது மேலே எழும்பி வேகமிழந்து, நம் பாதையில் ஏறக்குறைய அந்தரத்தில் நிற்கும். அப்போது மணிக்கு 100 கிலோமீட்டரில் நாம் அதன்மேல் போய் விழுகிறோம். ஐந்து கிராம் ஜல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், சுண்டுவிரல் நகத்தளவுதான். அந்த வேகத்தில் அது கொடுக்கும் அடி, ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடிக்குச் சமம். அத்தனையும் ஜல்லியின் கூரான ஒரு முனையில் இறங்குகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் அடி பாதியாகாது, காலாகிவிடும். 50-இல் போகிறவருடைய பம்பர் பல வருஷம் பளபளப்பாக இருக்கும். 100-க்கு மேல் போகிறவருடையது ஒரே கோடையில் உப்புத் தூவின மாதிரி ஆகிவிடும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. அதன் மூக்கு தரையை ஒட்டி இருக்கிறது. கற்கள் அதிகம் துள்ளுகிற உயரமும் அதுதான். டயர்கள் அகலமானவை, பசை போன்ற மென்மையான ரப்பர். வெயிலில் சூடேறினால் சின்னக் கற்களை ஒட்டிக்கொண்டு போய்த் தன் உடம்பிலேயே எறியும். பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற வளைவைப் பாருங்கள், பம்பரைப் போலவே அடிபட்டிருக்கும். பலரும் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கம்பெனியில் அடித்து வருகிற பெயிண்ட், பிரைமர், கலர், மேலே கிளியர் கோட் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரான் அளவு. ஆக, இரண்டு முடிக் கனம். அதில் நாம் பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்க்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான்.

பம்பர் இரும்பு இல்லை, பிளாஸ்டிக். அது வளையும், பெயிண்ட் அவ்வளவு வளையாது. தகரப் பாகங்களைக் கம்பெனியில் 140 டிகிரி அளவுச் சூட்டில் சுட்டெடுப்பார்கள். பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் பம்பரைத் தனியாக 80 டிகிரிச் சுற்றில் சுடுவார்கள். புதுக் காரிலேயே பம்பரும் பக்கத்து ஃபெண்டரும் ஒரு இழை நிறம் மாறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் பூத்தில் 60 டிகிரிதான். எத்தனை நல்ல கை அடித்தாலும் கம்பெனிப் பெயிண்ட் கம்பெனிப் பெயிண்ட்தான். பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறவன் இதைச் சொல்கிறேன். ஏற்கெனவே இருப்பதன்மேல் திரும்பத் திரும்ப அடித்துக் கனமேறிப்போன பம்பர் இன்னும் மோசம். கல் பட்டால் புள்ளியாகப் போகாது, அப்பளம் மாதிரி ஏடாக உடைந்து விழும்.

இனி, என்னை வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒருவராவது, "செராமிக் கோட்டிங் போட்டுட்டேங்கண்ணா, இனிக் கல்லைப் பத்திக் கவலையில்லை" என்று வருகிறார். செராமிக் நல்ல பொருள்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் அது ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் உட்காருகிற கண்ணாடிப் படலம். கல்லுக்கு அது இருப்பதே தெரியாது. மெழுகும் அப்படியே. கல்லைத் தாங்குவதற்குப் பளபளப்பு உதவாது, சதை வேண்டும்.

அப்பா காலத்தில் அந்தச் சதைக்கு ரெக்சினில் முகமூடி தைத்து மூக்கில் மாட்டுவார்கள். கல் படாது, உண்மை. ஆனால் உள்ளே தூசி போய் உட்காரும், மழைத்தண்ணீர் நிற்கும், ஓடும்போது ரெக்சின் படபடக்கும். ஆறு மாதம் கழித்துக் கழற்றினால் பெயிண்ட் எமரி போட்ட மாதிரி மங்கியிருக்கும். மூடின இடம் ஒரு நிறம், வெயில் பட்ட இடம் வேறு நிறம்.

இப்போது பிபிஎஃப் என்று எல்லோரும் சொல்கிற பிலிம் அதற்கு வந்த பதில். பாலியூரித்தேன் வகைப் பொருள், ரப்பர் போல இழுபடும், 150 முதல் 200 மைக்ரான் கனம். அதாவது பெயிண்டைவிடத் தடிமன். இதன் மூலக் கதை போர்க்களத்தில் இருக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்தன. அதைத் தடுக்க 3எம் கம்பெனி ஒட்டும் பிலிம் செய்தது. பிறகு பந்தயக்காரர்கள் அதைக் கார் மூக்கில் ஒட்டினார்கள். அவர்கள் இன்னும் அதை 'ஹெலிகாப்டர் டேப்' என்றுதான் சொல்கிறார்கள். கல் பட்டால் பிலிம் அமுங்கி அடியைப் பரப்பிவிடுகிறது, முனை பெயிண்டுக்கு இறங்குவதில்லை. நல்ல பிலிமின் மேல்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தானாக மறையும். ஆழமாக வெட்டுப்பட்டால் மறையாது. விலை குறைவென்று பிவிசி ஷீட்டை இதே பெயரில் விற்கிறார்கள். நம் வெயிலில் அது மஞ்சளாகி, நொறுங்கி, உரிக்கும்போது துண்டு துண்டாக வந்து உயிரை வாங்கும்.

ஒட்டுகிற கைதான் பாதி. சோப்புத் தண்ணீர் தெளித்து, பிலிமை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் பம்பரில் நேர்க்கோடு என்பதே கிடையாது. காற்றுப்போகும் பள்ளங்கள், உதடு மாதிரி முன்துருத்தும் விளிம்புகள். அளவுக்கு மீறி இழுத்து ஒட்டினால் இரண்டு மாதத்தில் அது பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், ஓரம் எழும்பும். இழுவைக் கோடுகளும் தெரியும். பிளேடைக் கார்மேல் வைத்து வெட்டுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் அந்த மாடலின் அளவுக்கு வெட்டின பிலிமை வாங்கி, ஓரத்தை உள்பக்கமாக மடித்து ஒட்டுகிறவர் யார் என்று விசாரியுங்கள்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு மஞ்சள் காரின் பம்பருக்கு நானே பெயிண்ட் அடித்தேன். சொந்தக்காரருக்கு வெளியூர்ப் பயணம், அவசரம். ஆறாம் நாளே பிலிம் ஒட்டிக் கொடுத்தேன். புதுப் பெயிண்டுக்குள்ளிருந்து தின்னர் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்குப் போக வழியில்லை. மூன்றாம் வாரம் வண்டி திரும்பி வந்தபோது பிலிமுக்கு அடியில் பாலாடை மாதிரி கொப்புளங்கள். உரித்தால் என் பெயிண்டும் சேர்ந்து வந்தது. என் செலவில் மறுபடி அடித்து, ஒரு மாதம் காயவிட்டு, பிறகு ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எத்தனை அவசரமானாலும் ஒரு மாதம் கழியாமல் புதுப் பெயிண்டின்மேல் பிலிம் வைப்பதில்லை.

முழுக் காருக்கும் ஒட்டினால் லட்சத்தைத் தாண்டும். அது தேவையில்லை என்பதே என் எண்ணம். பம்பர், பானெட்டின் முன்பகுதி, ஹெட்லைட், கண்ணாடிகளின் முதுகு, பின்சக்கரத்துக்கு முன்னிருக்கும் வளைவு இவை போதும். பந்தயத் தடத்தில் ஒருநாள் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதுகூட வேண்டாம். செட்டிபாளையம் தடத்துக்குப் போகிற பையன்களுக்கு நான் பெயிண்டர் மாஸ்கிங் டேப்பை மூக்கு முழுக்க ஒட்டி அனுப்புவேன். சாயங்காலமே உரித்துவிட வேண்டும், வெயிலில் விட்டால் பசை இறங்கிவிடும்.

பிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிப்பர் லாரியின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். மதுக்கரை, வாளையார் பக்கம் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. தார்ப்பாய் கட்டாமல் போகிறவை பல. மேலிருந்து கொட்டுவது கண்ணுக்குத் தெரியும், தெரியாதது இன்னொன்று. பின்பக்க ஜோடிச் சக்கரங்களின் நடுவே சிக்கிய கல் எப்போது வேண்டுமானாலும் தெறித்து வரும். மூன்று விநாடி தூரம் விட்டுப் போங்கள், இல்லையென்றால் டீக்கடையில் நின்று லாரியைப் போகவிடுங்கள்.

வேகத்தடை வேறு வகைத் தலைவலி. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவுப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தாழ்ந்த காரும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் போடுவது நீளம் குறைந்த கரடு. குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி சாய்த்துப் போனால் பம்பரின் அடி உதடு தப்பும். போர்ஷே 911 மாதிரிச் சில வண்டிகளில் முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் தூக்குகிற வசதியைக் கூடுதல் காசுக்குத் தருகிறார்கள். நம் ஊரில் ஓட்டுவதற்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

மழைக்கால அந்தியில் ஈசல் அடித்து ஒட்டினால் மறுநாள் வெயிலுக்கு முன் எடுத்துவிடுங்கள். காய்ந்தால் அது கிளியர் கோட்டை அரித்து வட்டம் போடும். நனைத்த துண்டைப் பத்து நிமிஷம் போர்த்தி ஊறவைத்தால் தானாக வரும், சுரண்டக் கூடாது. கழுவிய பிறகு கடைசி வாளி சிறுவாணித் தண்ணீராக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். குடிக்கிற தண்ணீரையா என்று வீட்டில் கேட்பார்கள், ஒரு வாளிதான்.

கல்லடி ஏற்கெனவே விழுந்திருந்தால், பானெட்டைத்தான் முதலில் பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, காத்திருக்கும். இரும்பு காத்திருக்காது. கலர் கோடுப்படி கலந்த டச்-அப் பெயிண்டைப் பல் குச்சி முனையில் தொட்டு, குழிக்குள் மட்டும், மெல்ல மெல்ல இரண்டு மூன்று தடவை வையுங்கள். குழியை அடைக்காமல் பிலிம் ஒட்டினால் குழி அப்படியே தெரியும்.

சிவப்புக் காருக்கு அன்றே புதுப் பிலிம் ஒட்டினேன். ஒரு வாரம் கழுவ வேண்டாம், தண்ணீர்க் கொப்புளம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெயிலில் வற்றிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். பழைய பிலிமைக் குப்பையில் போடட்டுமா என்று கேட்டான் என் பையன். வேண்டாம் என்றேன். டியூப் லைட்டுக்குக் கீழே, சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். செராமிக் பற்றிக் கேட்டு வருகிறவர்களை அதன் முன்னால்தான் நிறுத்துகிறேன்.