வெள்ளைச் சேவலை எதிர்த்த சிறுத்தை

ஏப்ரல் 14 அன்று தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: பைக்குகளில் நீலக் கொடி, டி-சர்ட்டில் கண்ணாடி அணிந்த அம்பேத்கர், பேனரில் பாயும் சிறுத்தை. அந்தச் சிறுத்தை அமெரிக்காவின் ஒரு கிராமப்புறத்திலிருந்து வந்தது.

அலபாமா மாநிலத்தின் லவுண்டஸ் மாவட்டத்தில் அன்று ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்களாக இருந்தார்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அம்மாநிலத்தில் ஆண்ட கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். வெள்ளையர் மேலாதிக்கம் என்ற வாசகமே அதில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டுமே, நம்மூர் உதயசூரியன், இரட்டை இலை போல ஒரு படம் தேவைப்பட்டது. போராடிய இளைஞர்கள் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகர இளைஞர்கள் அந்தப் படத்தையே தங்கள் கட்சியின் பெயராக்கிக்கொண்டார்கள்.

அக்கட்சியின் பத்திரிகைக்குப் படம் போட்டவர் எமரி டக்ளஸ். அச்சு வேலையை அவர் முதலில் பழகியது இளைஞர் சீர்திருத்தப் பள்ளியின் அச்சகத்தில். காசு குறைவு என்பதால் கறுப்பு மையோடு பெரும்பாலும் இன்னொரு நிறம், அவ்வளவுதான். அதற்கேற்பத் தடித்த கோடு, பெரிய முகம் என்று வரைந்தார். தலைவர்களை மட்டும் அல்ல, எலி ஓடும் வாடகை வீட்டில் பிள்ளை வளர்க்கும் தாயையும் வரைந்தார். அந்தப் பக்கங்கள் தெருச் சுவர்களில் ஒட்டப்பட்டன. தன் வீட்டுப் பெண் சுவரில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்த பையன் எப்படி நடந்திருப்பான்!

1972-ல் மும்பையில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்றவர்கள் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். 1982-ல் மலைச்சாமி அதை மதுரைக்குக் கொண்டுவந்தார். பின்னர் திருமாவளவன் தலைமையில் நீலமும் சிவப்பும் நடுவே நட்சத்திரமுமாகக் கொடி வந்தது. அந்தக் கொடிக்கம்பத்தை நடுவதற்கே எத்தனை ஊர்களில் தகராறு!

உடையும் டிசைன்தான். 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானா பாடகர்கள் கோட்டு சூட்டில் நின்றார்கள். கானாக்காரன் என்றால் லுங்கி என்று சினிமா பழக்கிவைத்த கண்ணுக்கு அது அம்பேத்கரின் கோட்டு.

நம் பக்கத்து டிசைனர் தம்பிகளிடம் ஒரு குறை உண்டு. பல பேனர்களில் அம்பேத்கர் அஞ்சல்தலை அளவில் மூலைக்குப் போய்விடுகிறார்; நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட நான்கு பேர். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்ததால் ஓர் இளம்பெண் உயிரிழந்தார் (அது ஒரு கல்யாண பேனர்). அதன்பின் கெடுபிடி கூடியது. பாதி வேலை வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. அங்கே சதுர அடிக் கணக்கு கிடையாது. மூலையில் இருந்தவரைத் தாராளமாக நடுவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அந்த நான்கு பேரும் அங்கேயும் வந்து நிற்கிறார்கள்.