அலையை எண்ணும் கைக்கருவி

ஹாம் வானொலி ஆர்வலர்கள் வைத்திருக்கும் கையடக்க அலைவெண் எண்ணி, பெயரில் உள்ளபடியே எண்ணத்தான் செய்கிறது. உள்ளே ஒரு மின்னணுக் கதவு உண்டு. அது ஒரு நொடி திறந்திருக்கும்போது எத்தனை அலைச்சுற்றுகள் நுழைகின்றனவோ, அத்தனை ஹெர்ட்ஸ். பத்தில் ஒரு பங்கு நொடி மட்டும் திறந்தால் விடை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் 10 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த வித்தியாசம் தெரியாது. உயர் அலைவெண்ணின் வேகத்துக்கு எண்ணும் சுற்று ஈடுகொடுக்காதபோது, அலையை முதலில் 64 போன்ற எண்ணால் வகுத்து அனுப்புவார்கள். அப்போது 1 ஹெர்ட்ஸ் வரை பார்க்க 64 நொடி காத்திருக்க வேண்டும்.

கருவியைப் போட்டதும் எண்கள் தாறுமாறாக ஓடும். அது பழுதல்ல, உள்ளிருக்கும் பெருக்கியின் இரைச்சலைத்தான் அது எண்ணுகிறது. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வாக்கி-டாக்கியை 145.500 மெகாஹெர்ட்ஸில் வைத்து, பேசும் பொத்தானை அழுத்தினால் ஓட்டம் சட்டென்று நிற்கும், 145.500-ஐ ஒட்டிய எண் திரையில் நிலைக்கும். பேசாமல் அழுத்துவதே நல்லது. எஃப்.எம்.மில் குரல் ஏறினால் கடைசி இலக்கங்கள் ஆடும். ஒற்றைப் பக்கப்பட்டை முறையிலோ ஊர்தி அலையே கிடையாது. பேசாவிட்டால் எண்ண ஒன்றுமில்லை, பேசினால் எண் நிலைகொள்ளாது.

இது வானொலிப் பெட்டி அல்ல. வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கத் தெரியாது. பக்கத்தில் எது வலுவோ அதையே எண்ணும். பண்பலைக் கோபுரத்தின் அருகே வாக்கி-டாக்கியின் அலை கோபுரத்தின் அலையில் அமுங்கிப் போகும். அதற்காக 5 வாட் வாக்கி-டாக்கியின் ஆன்டெனா முனையை நேரடியாக இதில் செருகவே கூடாது. மில்லிவாட் அளவுக்கென்று அமைந்த உள்ளீட்டுப் பகுதி கருகிவிடும்.

திரையில் எத்தனை இலக்கம் என்பதைவிட முக்கியமானது கதவைத் திறந்து மூடும் கிரிஸ்டல். அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 145 மெகாஹெர்ட்ஸில் 145 ஹெர்ட்ஸ் தவறு வரும். வெப்பநிலைக்கும் வயதுக்கும் ஏற்ப கிரிஸ்டல் நகரும். ஆகவே வாங்கும்போது, வெப்ப ஈடு செய்த கிரிஸ்டல் உள்ளதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். சரிபார்க்க, ஜி.பி.எஸ். நேரத்தோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்தை இணைத்து, கருவி சூடேறி நிலைப்பட்ட பிறகு, கிரிஸ்டலின் அலைவெண்ணைச் சரிசெய்யும் டிரிம்மரைத் திருப்பவேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் திருப்புளியே ஏற்றது. இரும்பு முனை தொட்டாலே எண் நகரும், எடுத்ததும் வேறிடத்தில் நிற்கும்.