மடியா, தனி ஸீட்டா?

குழந்தைக்குத் தாய் மடியைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? "இதுவும் ஒரு கேள்வியா!" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். பூமியில் இருக்கும் வரையில் அவர்கள் கட்சிதான் சரி. ஆகாயத்தில் பறக்கும்போது மட்டும் அந்தத் தீர்ப்பைச் சற்று மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

சென்னையில் இன்று எத்தனையோ குடும்பங்களில் பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் குடித்தனம் நடத்துகிறார்கள். சீமந்தம் இங்கே, பிரசவம் அங்கே என்று ஆகிவிட்டது. கைக்குழந்தையுடன் ஊருக்கு வருவதும் போவதும், அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறப்பதும் சர்வ சாதாரணம். டிக்கெட் வாங்கும்போதுதான் அந்தப் பேச்சு வரும். "குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லையே! மடியில் வைத்துக்கொண்டால் போகிறது. தனி ஸீட்டுக்குப் பணம் அழுவானேன்?"

சட்டப்படி அதில் தவறில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பறக்க அமெரிக்காவில் அனுமதி உண்டு. ஆனால் அனுமதி கொடுக்கும் அதே விமான நிர்வாக இலாகா, "குழந்தைக்குப் பத்திரமான இடம் உங்கள் மடி அல்ல, தனி ஸீட்டில் கட்டிய, அங்கீகாரம் பெற்ற குழந்தை ஆசனமே" என்று பெற்றோருக்கு யோசனையும் சொல்கிறது! இந்த விசித்திரத்துக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது.

ஒரு பணிப்பெண்ணின் போராட்டம்

1989-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி. டென்வர் நகரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று வால் பக்கத்து இன்ஜினின் விசிறிச் சக்கரம் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பவும் இறக்கவும் உதவும் குழாய்கள் அத்தனையும் அறுந்துபோயின. அயோவா மாகாணத்தில் உள்ள ஸூ ஸிட்டி விமான நிலையத்தில் எப்படியோ இறங்கிவிட விமானிகள் முயன்றார்கள்.

அந்த விமானத்தில் மடிக் குழந்தைகள் நாலு பேர். அவர்களை என்ன செய்வது? தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன், தமக்குக் கற்றுக் கொடுத்திருந்த முறைப்படி, "குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று தாய்மார்களிடம் சொன்னார். அன்றைய விதி அதுதான்.

விமானம் ஓடுபாதையில் மோதி உடைந்தது. 184 பேர் பிழைத்தது பெரிய அதிசயம். ஆனால் அந்த மோதலில் இரண்டு தாய்மார்களின் பிடியிலிருந்து குழந்தைகள் நழுவி எங்கோ போய்விட்டன. ஒரு பிரயாணி அழுகுரலைக் கேட்டு உடைந்த விமானத்துக்குள் திரும்ப நுழைந்து, 11 மாதப் பெண் குழந்தையை மீட்டு வந்தார். இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தை ஒன்று புகையில் மூச்சு முட்டி இறந்துவிட்டது. அதன் தாய் குழந்தையைத் தேடி விமானத்தை நோக்கி ஓடியபோது குறுக்கே நின்று தடுத்தவர் ஜான் பிரௌன்தான். "நீங்கள்தானே தரையில் வைக்கச் சொன்னீர்கள்?" என்பதுபோல் அந்தத் தாய் கேட்டதை அவரால் மறக்க முடியவில்லை. குழந்தைகளுக்குத் தனி ஆசனம் கட்டாயமாக வேண்டும் என்று அதன் பிறகு பல வருஷங்கள் அவர் போராடினார். அமெரிக்கக் காங்கிரஸின் முன்பும் சாட்சி சொன்னார்.

விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1990-ல் அதையே சிபாரிசு செய்தது. ஆனாலும் சட்டம் வரவில்லை. விமான நிர்வாக இலாகா 2005-ல் தன் முடிவைச் சொன்னது. தனி டிக்கெட்டைக் கட்டாயமாக்கினால் செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் காரில் புறப்பட்டுவிடும். விமானத்தைவிடச் சாலையில்தான் ஆபத்து அதிகம். ஆகவே மொத்தத்தில் உயிர்ச்சேதம் கூடும் என்பது அதன் வாதம். தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. ஆனால் அதன் விளைவு என்ன? தீர்மானம் பெற்றோர் தலையில் வந்து விழுந்துவிட்டது!

கை வலுவும் கணக்கும்

"விமானம் என்ன தினமுமா விழுகிறது?" என்று கேட்பீர்கள். விழ வேண்டியதில்லை, குலுங்கினாலே போதும். 2024-ம் வருஷம் மே 21-ந் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன விமானம் ஒன்று நடுவானில் பயங்கரமாகக் குலுங்கியது. ஒரு முதியவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 0.6 விநாடிக்குள் பிரயாணிகளைத் தலைகீழாக, தங்கள் எடையைப்போல் ஒன்றரை மடங்கு விசை மேல்நோக்கித் தள்ளியதாக விசாரணையில் தெரிந்தது.

இதை நம் வீட்டுக் கணக்கில் பார்ப்போம். மடியில் 10 கிலோ எடையுள்ள குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு மூச்சு விடுவதற்குள் அது 15 கிலோ பாரமாகக் கூரையை நோக்கி இழுக்கப்படுகிறது. தாய் தூங்கிக்கொண்டிருந்தால்? விழித்திருந்தால்கூட என்ன? இது பாசத்தைப் பற்றிய கேள்வி அல்ல. பலத்தைப் பற்றிய கேள்வி. திடீரென்று வரும் அந்த விசைக்கு ஈடு கொடுப்பது எளிதல்ல.

நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் தாயின் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்ட ஒரு சின்னப் பெல்ட் கொடுக்கிறார்கள். குலுங்கும்போது அது குழந்தையைப் பறக்கவிடாமல் காக்கும். ஆனால் பெரிய மோதலில் தாயின் உடம்பு முன்னால் மடங்கிக் குழந்தையை நசுக்கிவிடும் என்பதால், விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதை உபயோகிக்க அமெரிக்காவில் அனுமதி இல்லை. தொட்டிலும் அப்படித்தான். ஏறும்போதும் இறங்கும்போதும், பெல்ட் விளக்கு எரியும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

காரில் குழந்தைக்காகக் கட்டும் கார் ஸீட்டையே விமானத்திலும் கட்டலாம். எல்லாம் உதவாது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, லேபில். மோட்டார் வண்டியிலும் விமானத்திலும் உபயோகிக்கத் தகுந்தது என்ற பொருளில், அமெரிக்க ஸீட்டுகளில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்க மாட்டார்கள்.

இரண்டாவது, அகலம். 16 அங்குலத்துக்கு மேற்படாமல் இருந்தால் அநேகமாக எல்லா விமான ஸீட்டுகளிலும் அடங்கும். கடைக்குப் போகும்போது கையில் ஒரு அளவு நாடா இருக்கட்டும்.

மூன்றாவது, குழந்தையின் எடை. 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பின்புறம் பார்த்து உட்கார வேண்டும். 9 முதல் 18 கிலோ வரை முன்புறம் பார்த்து உட்காரலாம். அதற்கு மேல் விமானத்தின் பெல்ட்டே போதும். இது விமான இலாகாவின் கணக்கு. ஸீட்டைச் செய்தவர்கள் கொடுத்த குறிப்பையும் கட்டாயம் படியுங்கள். குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் வெறும் பலகை ஸீட்டை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் உபயோகிக்கக் கூடாது.

"அக்கா குழந்தையின் ஸீட் சும்மாதானே கிடக்கிறது?" என்று இரவல் வாங்குவது நம் வழக்கம். வாங்கலாம், ஆனால் காலாவதித் தேதியைப் பாருங்கள். விபத்தில் அடிபட்ட காரிலிருந்து எடுத்த ஸீட் என்றால் தொடவே தொடாதீர்கள். இந்தியாவில் வாங்கிய ஸீட்டை அமெரிக்கக் காரில் உபயோகிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அங்கே எல்லா மாகாணங்களிலும் குழந்தைக்குக் கார் ஸீட் கட்டாயம். ஆகவே அந்த நாட்டில் வாங்கியதாக இருந்தால் விமானத்துக்கும் ஆகும், விமான நிலையத்து வாசலில் காத்திருக்கும் காருக்கும் ஆகும்.

ஒரு பாட்டியின் யோசனை

இவ்வளவு பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது? அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவில் உயர்ந்த பதவி வகித்த லூயிஸ் ஸ்டோல் என்ற பெண்மணிக்கும் இதே கவலை வந்தது. பேரக் குழந்தையின் ஸீட்டைச் சுமந்துகொண்டு மகள் படும் பாட்டைப் பார்த்தவர், விமான ஸீட்டின் முதுகிலேயே மாட்டும் ஒரு வார்ப் பட்டையை உருவாக்கினார். 'கேர்ஸ்' என்று அதற்குப் பெயர். எடை சுமார் அரைக் கிலோ, கைப்பையில் அடங்கிவிடும். 2006-ல் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. 10 முதல் 20 கிலோ வரை எடையும், ஒரு மீட்டருக்கு மேற்படாத உயரமும் உள்ள குழந்தைக்குத்தான் அது பொருந்தும். காரில் உபயோகிக்கக் கூடாது.

விமானத்தில் ஏறியதும்...

ஜன்னலோரத்து ஸீட்டில் கார் ஸீட்டைக் கட்டுவதே நல்லது. மற்றவர்கள் வெளியேறும் வழியை அது மறிக்கக் கூடாது அல்லவா? அவசர வாசல் வரிசையும் அதற்கு முன் பின் வரிசைகளும் கூடாது. விமானத்தில் இடுப்புப் பெல்ட் ஒன்றுதான் உண்டு. கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, கார் ஸீட்டில் குறித்திருக்கும் வழியாக அந்தப் பெல்ட்டைக் கோத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு இறுக்குங்கள். பெல்ட்டின் கொக்கி திறக்கும் பக்கம் வெளியே தெரியும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது கழற்றப் பெரும்பாடு! கொக்கி குழந்தையின் முதுகில் உறுத்தினால், பணிப்பெண்ணிடம் பெல்ட்டை நீட்டும் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே, வீட்டில் அந்த ஸீட்டில் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள், சாதம் ஊட்டுங்கள். பழகிய இடம் என்றால் குழந்தை ரகளை செய்யாது. நன்றாகத் தூங்கவும் தூங்கும்.

டிக்கெட் வாங்கிய குழந்தைக்கு, அங்கீகாரம் பெற்ற ஸீட்டை உபயோகிக்கக் கூடாது என்று அமெரிக்க விமானக் கம்பெனிகள் மறுக்க முடியாது. வேண்டுமானால் இடத்தை மாற்றிக் கொடுக்கலாம். மற்ற நாட்டுக் கம்பெனிகளுக்கு விதிகள் தனித்தனி. சென்னையிலிருந்து போகிறவர்கள் வழியில் விமானம் மாற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கம்பெனியிடமும் முன்கூட்டிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சில கம்பெனிகள் குழந்தையின் டிக்கெட்டில் சலுகையும் தருகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். தனி டிக்கெட் கட்டுப்படியாகாதவர்கள், கூட்டம் குறைந்த நாளில் புறப்பட்டு, காலி ஸீட் இருந்தால் தரும்படி கேட்கலாம். சிரித்த முகத்துடன் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

செலவு அதிகந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெட்டி நிறையப் பரிசு வாங்கிச் செல்கிறோமே, அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பேரக் குழந்தைக்கு ஒரு ஸீட் கிடைக்காதா? ஊர் வந்து சேர்ந்ததும் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு நாள் நிறைய இருக்கிறது. பிரயாணம் சுகமாக அமையட்டும்!