பின்னால் பெரிய பிரேக் எதற்கு?

வேகக் காரின் பின்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க் பொருத்த ஆசைப்படும் அண்ணன் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

1,000 கிலோ கார். முன்சக்கரங்கள் 600 கிலோவையும் பின்சக்கரங்கள் 400 கிலோவையும் தாங்குகின்றன. முன், பின் அச்சுகளுக்கு இடைவெளி 2.5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு அளவுக்கு வேகம் குறையுமாறு பிரேக்கை அழுத்துங்கள். 1,000 × 0.8 × 0.5 ÷ 2.5 = 160 கிலோ பாரம் முன்னால் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 240 கிலோதான்.

பாரம் குறைந்தால் டயரின் பிடிப்பும் குறையும். அங்கே பிரேக் விசையைக் கூட்டினால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வழுக்கும், கார் சுழன்றுவிடும். செப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுபவருக்கு, வெப்பம் தாங்கும் பெரிய டிஸ்க் உதவலாம். அவரும் முன், பின் விகிதத்தைக் கெடுக்கக்கூடாது. பல கார்களில் பின்பிரேக்குக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கவென்றே ஒரு வால்வு இருக்கிறது!