காலை இழந்தோருக்குச் சைக்கிள் பயிற்சி

விபத்தாலோ நோயாலோ காலை இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கால் பொருத்தப்பட்டதும் சிகிச்சை நிறைவுற்றதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில், இழந்த உடல்வலிமையை மீட்கும் பணி அப்போதுதான் தொடங்குகிறது.

1968-ஆம் ஆண்டில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் எண்ணற்றோரை மீண்டும் நடக்கச் செய்துள்ளது. ஆயினும், செயற்கைக் காலுடன் ஒரு மைல் நடப்பவர், அதே தூரத்தை இரு கால்களால் நடப்பவரைக் காட்டிலும் மிகுதியான சக்தியைச் செலவிடுகிறார். முழங்காலுக்கு மேல் கால் அகற்றப்பட்டிருப்பின் இச்செலவு மேலும் உயரும். களைப்பினால் நடை குறைகிறது. நடை குறையவே இதயமும் தசைகளும் தளர்கின்றன. உடல் எடை ஏறுகிறது. முன்பு பொருந்திய செயற்கைக் கால் இப்போது இறுக்குகிறது. நீரிழிவினால் காலை இழந்தவருக்கோ, எஞ்சிய காலும் இதயமுமே ஆபத்துக்குள்ளாகின்றன.

சைக்கிளின் சிறப்பு

இச்சுழலிலிருந்து மீள்வதற்குச் சைக்கிள் ஓர் எளிய சாதனமாகும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரம் எஞ்சிய காலின் தோலை அழுத்துகிறது. சைக்கிளிலோ பாரத்தின் பெரும்பகுதியைச் சீட் தாங்குகிறது. ஆகவே, தோலுக்கு அதிகத் துன்பமின்றி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய உழைப்பைக் கொடுக்க முடிகிறது.

மனிதனுக்கேற்ற வண்டி

வண்டிக்கேற்ப மனிதனை வளைக்கலாகாது. மனிதனுக்கேற்ப வண்டியை மாற்ற வேண்டும். சாதாரணக் கிராங்கின் நீளம் ஏறத்தாழ 170 மில்லிமீட்டர். அதில் 50 மில்லிமீட்டரைக் குறைத்தால் பெடல் சுழலும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர் குறையும். நன்கு மடங்காத முழங்காலும் அப்போது எளிதாகச் சுழலும். செயற்கைப் பாதத்துக்குக் கணுக்காலின் தசைகள் இல்லை. எனவே அதன் நடுப்பகுதி பெடலின் மீது அமைவது உறுதியளிக்கும். பாதம் நழுவாதிருக்கப் பட்டை கட்டலாம். ஆனால் விழ நேரும்போது உடனே விடுபடாத கட்டு பெருந்தீங்கு விளைவிக்கும். நிறுத்தும்போது நல்ல காலையே தரையில் ஊன்றப் பழக வேண்டும். ஒரு கையை இழந்தவருக்கு இரு பிரேக்குகளையும் ஒரே பிடியில் இணைத்துத் தரலாம்.

இரு கால்களையும் இழந்தோருக்குக் கையால் சுழற்றும் வண்டி உண்டு. 2001-இல் ஜெர்மனியில் நடந்த கார்ப் பந்தய விபத்தில் இரு கால்களையும் இழந்த இத்தாலியரான அலெக்ஸ் சனார்டி, அத்தகைய வண்டியைச் செலுத்தி 2012-ஆம் ஆண்டு லண்டன் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். நம் நாட்டில், விபத்தில் ஒரு காலை இழந்த ஆதித்ய மேத்தா 2013-இல் ஆசியப் பாரா சைக்கிள் போட்டியில் வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார்.

தொடங்கும் முறை

மருத்துவரின் அனுமதி பெற்ற பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும். முதலில், ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பயிற்சிச் சைக்கிளில் ஐந்து நிமிடங்கள் போதும். மூச்சு வாங்கினாலும் தடையின்றிப் பேச முடிகிற அளவே ஏற்ற வேகம். பயிற்சி முடிந்ததும் செயற்கைக் காலைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோலை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாதிருந்தாலும், கொப்புளம் தோன்றினாலும் பயிற்சியை நிறுத்திச் செயற்கைக் காலின் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் வலியை உணராமலிருக்கக் கூடுமாதலால், அவர் கண்ணால் பார்ப்பது இன்றியமையாதது. சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடங்களை எட்டுவது நோக்கமாக இருக்கட்டும். உடற்குறையுள்ள வயது வந்தோருக்கும் இந்த அளவையே உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

நாம் செய்யக்கூடியது

களப் பணியாளர் செயற்கைக் கால் பெற்றோரின் இல்லத்துக்குச் சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்று, அக்கால் பயன்படுகிறதா, மூலையில் கிடக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். உள்ளூர்ச் சைக்கிள் பழுதுபார்ப்பவரையும் உடன் அழைத்துச் சென்றால், சீட்டின் உயரத்தையும் பிரேக்கின் அமைப்பையும் அங்கேயே திருத்திவிடலாம். ஆசிரியர்கள், காலிழந்த மாணவனை விளையாட்டு வேளையில் மரநிழலில் அமரச் செய்வதை இரக்கம் என்று எண்ணலாகாது. ஓய்வு அவனுக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது. அவன் வேண்டுவது உழைப்பே.