புகைக்கறை சொல்லும் தேதி

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய புத்தகங்களில் போர் விமானங்களின் பக்கவாட்டுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மூக்கு ஒருபுறம், வால் மறுபுறம், பின்னணியில் வெறும் வெள்ளை. இதில் என்ன சிரமம் என்று தோன்றும். ஆனால் அதைச் சரியாக வரைய உட்காருபவர் தூரிகையைத் தொடும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும்: எந்த விமானம், எந்த மாதம்?

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். 1940-இன் தொடக்கத்தில் அதன் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. தரையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்ததும் நம் விமானம் என்று அடையாளம் காண அந்த ஏற்பாடு. மே மாதம் உடலின் பக்கத்தில் இருந்த வட்டச் சின்னத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் சேர்ந்தது. வாலில் மூவண்ணப் பட்டை ஏறியது. ஜூனில் அடிப்பக்கம் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சைக்கு மாறியது. நவம்பர் கடைசியில் வாலுக்கு முன்னால் அதே வெளிர்பச்சையில் 18 அங்குலப் பட்டை ஒன்று வந்தது. நம் கணக்கில் சரியாக ஒரு முழம். பிரிட்டன் வான்போர் அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஆகவே அந்தப் போரில் பறந்த விமானம் என்று சொல்லும் படத்தில் அந்த முழப் பட்டை இருந்தால் படம் தவறு.

மேற்புறத்துப் பச்சையிலும் மண்நிறத்திலும்கூட ஒரு சூட்சுமம் உண்டு. அந்த அலை அலையான உருமறைப்புக் கோலத்தில் இரண்டு வகை இருந்தன. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றொன்று. பக்கத்தில் நின்ற விமானத்தின் கோலத்தை இதற்கும் போட்டுவிட முடியாது.

சரி, புகைப்படம்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். வியப்பே அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அதிலும் 'ஆர்த்தோகுரோமாட்டிக்' என்றொரு ஃபிலிம் இருந்தது. நீலத்தையும் பச்சையையும் பதிவு செய்யும், சிவப்பை அறியாத ஃபிலிம் அது. அதில் சிவப்பு கறுப்பாக விழும், பளிச்சென்ற மஞ்சளும் இருண்டுபோகும், அடர்நீலமோ வெளுத்துவிடும். எல்லா நிறங்களையும் உணரும் 'பான்குரோமாட்டிக்' ஃபிலிமில் அதே மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும். ஒரே விமானத்தை இரண்டு கேமராக்கள் எடுத்திருந்தால், மஞ்சள் வளையம் ஒன்றில் ஏறக்குறைய வெள்ளை, மற்றதில் ஏறக்குறைய கறுப்பு!

இதற்கு ஓவியர்கள் கண்ட வழி அழகானது. வட்டச் சின்னத்தின் நிறங்கள் எல்லாருக்கும் தெரியும்: வெளியிலிருந்து உள்ளே மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு. புகைப்படத்தில் இந்த நான்கும் எந்தெந்தச் சாம்பலாக விழுந்திருக்கின்றன என்று முதலில் பார்க்கிறார்கள். எந்த வகை ஃபிலிம் என்று அதிலேயே தெரிந்துவிடும். பிறகு, நிறம் தெரியாத எழுத்தையும் மூக்குக் கூம்பையும் அந்த நான்கு சாம்பல்களோடு ஒப்பிடுகிறார்கள். எதிரி நண்பன் தெரிவதற்காகப் பூசிய சின்னம், 80 ஆண்டுகளுக்குப் பின் நிறங்களுக்கான அளவுகோலாகப் பயன்படுகிறது.

அடுத்தது அழுக்கு. ஸ்பிட்ஃபயரின் இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடியது. நிதானமாக நெடுந்தூரம் பறந்தால் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெளிர்சாம்பல் தடம் படியும். காற்றோடு கலக்கும் எரிபொருள் மிகுந்தால் கரி படியும். அந்தத் தடம் நேர்கோடாகப் போகாது. காற்று உடலைத் தழுவிச் செல்லும் வழியில் வளைந்து, இறக்கை சேரும் இடத்தில் பரவும். காற்றோட்டம் தன் பாதையைத் தானே வரைந்து வைத்திருக்கிறது.

இறக்கையின் முன்விளிம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அங்கே இருக்கும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் வாய்களைச் சிறிய சிவப்புத் துணித் துண்டுகளால் ஒட்டி மூடுவார்கள். ஈரமும் தூசியும் உள்ளே போகாது. உயரத்தில் துப்பாக்கி உறைந்து சிக்காது. முதல் தோட்டா துணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். துணி முழுதாக இருந்தால் கடைசியாக ஒட்டிய பின் அந்தத் துப்பாக்கி சுடவில்லை. கிழிந்திருந்தால் இறக்கைக்கு அடியில் மருந்துக்கரி இருந்தாக வேண்டும். கிழிசலை வரைந்துவிட்டுக் கரியை மறப்பவர்கள் உண்டு.

பெயின்ட் உதிர்வதற்கும் காரணம் வேண்டும். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் கதவு இடப்பக்கம். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடம்தான் பூட்ஸ் பட்டு அதிகம் தேயும். ஹரிகேன் விமானத்தின் பின்னுடல் துணியால் போர்த்தப்பட்டது. அங்கே பெயின்ட் உதிர்ந்து அலுமினியம் மின்னுவதாக வரைந்தால், இல்லாத உலோகத்தை வரைந்ததாகும். ஜப்பானிய ராணுவ விமானங்கள் பலவற்றில் ப்ரைமர் இல்லாமல் வெறும் உலோகத்தின் மேலேயே பெயின்ட் அடித்தார்கள்; அது தோல் உரிவது போல் உரிந்தது. அமெரிக்க மஸ்டாங்கின் இறக்கை முன்பாகத்தில் ஆணித் தலைகளையும் இணைப்புக் கோடுகளையும் பட்டி பார்த்துத் தேய்த்து, வெள்ளிநிறம் பூசினார்கள். காற்று வழுக்கிச் செல்லத்தான் அத்தனை மெனக்கெடல். மேலிருந்து பார்க்கும் படத்தில் அந்த இடத்தில் ஆணி வரிசை போடுவது பிழை.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கும் முன், அவற்றின் ஒற்றை இன்ஜின் விமானங்களில் ஒரு முழ அகலத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து பட்டைகள் பூசப்பட்டன. ஐந்தும் சேர்ந்தால் ஏழரை அடி. சுமார் 30 அடி நீள ஸ்பிட்ஃபயரில் கால் பங்கு! அவசர அவசரமாகக் கையால் பூசியவை என்பதால் பலவற்றின் ஓரம் கோணல்மாணல். ஸ்கேல் வைத்து வரைந்தால் அந்த அவசரம் காணாமல் போகும். இந்தியா, பர்மா பக்கம் வந்த பிரிட்டிஷ் விமானங்களிலோ சின்னத்தின் சிவப்பையே நீக்கிவிட்டார்கள். ஜப்பானின் சிவப்பு வட்டம் என்று நினைத்து நம்மவரே சுட்டுவிடக் கூடாதே!

இவ்வளவும் தெரிந்த பிறகு எல்லா அழுக்கையும் ஒரே படத்தில் கொட்டிவிடத் தோன்றும். ஆனால் ஓர் அடி அளவிலான காகிதத்தில் விமானம் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் உதிர்வு அதில் அரை மில்லிமீட்டர் புள்ளிதான். தரைப் பணியாளர்கள் விமானத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்தார்கள். அழுக்காகும் வயதுவரை பிழைக்காத விமானங்களும் ஏராளம். சந்தேகம் வந்தால் கறையைக் குறைத்துப் போடுவதே சரி.